சந்தனப் பொட்டு வைத்த நுரை டிராலி

எங்கள் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நாங்கள் விற்கிற சாமானை வாங்குகிறவர், அது ஒரு நாளும் உபயோகப்படக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேதான் வாங்குவார். தீயணைக்கும் சிலிண்டர்களை நிரப்புவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. கடை ரேணிகுண்டாவில். சித்தூரிலிருந்து ஸ்ரீ சிட்டி வரைக்கும் பைக்கிலும் டெம்போவிலும் சுற்றுவேன். பெட்ரோல், டீசல் மாதிரி எண்ணெயில் பிடிக்கிற தீக்கு நுரைதான் மருந்து. அந்த நுரையைத் தள்ளுகிற சிலிண்டர்தான் என் பிழைப்பு. "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, பல் டாக்டர்களே, தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்களே, நாமெல்லாம் பங்காளிகள்.

இதில் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி. புத்தூர் ரோட்டில் நான் சர்வீஸ் செய்கிற பெட்ரோல் பங்க் ஒன்றில்தான் என் மனைவி தேவகி வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறாள். மற்ற இடங்களில் சிலிண்டர் மக்கர் பண்ணினால் கடைக்குக் கெட்ட பெயர். அங்கே மக்கர் பண்ணினால் என் வீடே போச்சு. அந்த பயத்தோடுதான் ஒவ்வொரு தடவையும் அந்த பங்க்குக்குள் வண்டியைத் திருப்புவேன்.

புது மாப்பிள்ளை

பங்க்கின் முதலாளி முனிரத்தினம் அண்ணன், நகரிப் பக்கத்து விவசாயி. ரோட்டோரமாக இருந்த நிலத்தில் பங்க் வைத்தவர். நல்ல மனுஷன், ஆனால் பிடிவாதம். ஐம்பது லிட்டர் நுரை டிராலி ஒன்றை என்னிடம்தான் வாங்கினார். இரண்டு சக்கரம், நீள ஹோஸ், பளபளவென்று சிவப்பு. அடுத்த மாதம் போய்ப் பார்க்கிறேன், டிராலியை வெளியே காணவில்லை. ஆபீஸ் ரூமுக்குள் ஏசிக்குக் கீழே, வந்தபோது இருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல், ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

"அண்ணா, இது பெட்ரோல் போடுற எடத்துகிட்ட இருக்கணும். யாரு வேணாலும் இழுத்துக்கினு ஓடணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பெண் கேட்டு வந்த ஆளிடம் பெண்ணைக் காட்ட மறுக்கிற தகப்பனின் உறுதி இருந்தது. அவர் கட்சியிலும் பாதி நியாயம் உண்டு. நுரை மருந்துக்கு வெயில் ஆகாது. அதற்காகப் பூட்டியா வைப்பார்கள்? வெளியே ஒரு தகரக் கூரை போட்டு அதன் கீழே நிறுத்துங்கள் என்று மன்றாடினேன். முனிரத்தினம் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "வெளிய வெச்சா சாயம் பூடும்பா. நெருப்பு வந்தா ஒரு போன் போடு. நான் எங்க கீறேனோ அங்கேர்ந்து வந்து பூட்டத் தொறக்குறேன்."

எலுமிச்சம்பழ வாசனை

தகரக் கூரைக்கான சண்டை நடந்துகொண்டிருந்தபோதே திருச்சானூரில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். ஜெனரேட்டர் ரூமில் ஒன்பது லிட்டர் நுரை சிலிண்டர் ஒன்று உண்டு. தூக்கிப் பார்த்தேன், கனம் சரியாகவே இருந்தது. மூடியைத் திறந்தால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை.

மேனேஜர் மறைக்கவில்லை. உற்சவக் கூட்டத்தில் படியெல்லாம் எண்ணெயும் சாம்பாருமாகி, கழுவ ஆள் கிடைக்காமல், சிலிண்டரை அடித்தே படியைக் கழுவிவிட்டார்களாம். அப்புறம் மனசாட்சி உறுத்தி, பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒரு பாட்டில் ஊற்றித் தண்ணீர் நிரப்பி, டயர் கடையில் காற்றும் அடித்து வைத்துவிட்டார்கள். சோப்பு நுரை டீசல் மேல் பட்டால் பட்ட இடத்திலேயே செத்துப்போகும், நம் மருந்து போட்ட நுரைதான் எண்ணெய் மேல் போர்வை மாதிரி நிற்கும் என்று ஒரு கிண்ணம் டீசலில் இரண்டையும் விட்டுக் காட்டினேன். மனுஷர் குனிந்து கவனமாகப் பார்த்தார். பிறகு தெலுங்கும் தமிழுமாக என்னையே தேற்றினார்: "ஏம் காதண்ணா, ஒண்ணும் ஆவாது. நுரைன்னா நுரைதானே? இதுல எலுமிச்சம்பழ வாசனை வேற வர்து."

ஸ்டாக் இல்லை

என் கூட்டாளி ஷஃபி அதிகம் பேச மாட்டார். சிலிண்டர் மூடியைத் திறக்கும்போது மட்டும் அவரிடம் யாரும் விளையாட முடியாது. உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தால் மூடி துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். மீட்டரில் முள் பூஜ்யத்தில் நின்றாலும் நம்பக் கூடாது, முள்ளுக்கும் உடம்பு சரியில்லாமல் போகும். மிச்சக் காற்றை வெளியே விட்டு, பக்கவாட்டில் நின்று, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, 'உஸ்' சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இதுதான் ஷஃபியின் வேதம்.

டிராலி ஒருவழியாகத் தகரக் கூரைக்கு வந்திருந்தது. உள்ளே கழுவி மருந்து மாற்ற நாங்கள் இருவரும் போனோம். ஷஃபி மூடியில் ஸ்பேனரைப் போட்டதும் முனிரத்தினம் அண்ணன் அதற்கு நேர் மேலே குனிந்து நின்றார். ஷஃபி ஸ்பேனரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். "என் பங்க்கு, என் டிராலி, நான் பாக்கக் கூடாதா?" என்று அண்ணனுக்குக் கோபம். ஷஃபி பீடி மட்டும் பிடிக்காத குறையாக உட்கார்ந்துவிட்டார். அண்ணன் முனகிக்கொண்டே நகர்ந்தார். அரைத் திருகு திருகியதும், பூஜ்யம் காட்டிய அந்த சிலிண்டருக்குள்ளிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று சீறிக்கொண்டே இருந்தது. அடங்குவதாகக் காணோம். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. ஷஃபி அவர் பக்கம் திரும்பி மரியாதையாகச் சொன்னார்: "அண்ணா, மூடி போனா கடையில கெடைக்கும். மூஞ்சி ஸ்டாக் இல்ல."

சகல மரியாதையுடன்

நுரை டிராலியின் ஹோஸ் முனையில் ஒரு குழாய் இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். மருந்துத் தண்ணீர் வேகமாகப் போகும்போது அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுக்கும். காற்று கலந்தால்தான் நுரை. ஓட்டை அடைத்தால் நீர்மோர் மாதிரி வெறும் தண்ணீர்தான் வரும். எரிகிற பெட்ரோலில் அதை அடித்தால் பெட்ரோல் மிதந்துகொண்டு ஊரெல்லாம் பரவும்.

ஆயுத பூஜை கழிந்த இரண்டாம் நாள் பங்க்குக்குப் போனேன். டிராலிக்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை. சிலிண்டருக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மீட்டர் கண்ணாடி மேல் குங்குமம். குழாய்க்குத்தான் உச்சக்கட்ட மரியாதை: சந்தனத்தைக் குழைத்து அத்தனை ஓட்டையும் மூடுகிற மாதிரி வழித்துப் பூசி, அது காய்ந்து சிமெண்டாக நிற்கிறது. பழைய பல் பிரஷும் ஊசியும் வைத்து உட்கார்ந்து குத்தினேன். இரண்டு நாளாக இதை நம்பித்தானே தேவகி இங்கே நின்றிருக்கிறாள்!

"யாருண்ணா இந்த வேலையைச் செஞ்சது?" என்று கத்தினேன். முனிரத்தினம் அண்ணன் ஆனந்தமாக, டிராக்டருக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்த தேவகியைக் கை காட்டினார். தேவகி என் அத்தை மகள், பயம் என்பதே கிடையாது. மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சோம் மாமா. உன்னுதுக்கு மட்டும் வெக்காம வுட்டிருந்தா ஊட்டுக்கு வந்து உர்ருனு இருந்திருப்ப."

ஒத்திகை

அன்றைக்கே முடிவு செய்தேன், ஒரு தடவையாவது இவர்களைக் கையில் பிடித்து அடிக்க வைக்க வேண்டும் என்று. பங்க்கிலிருந்து தள்ளி, செடி பிடுங்கிவிட்ட வேர்க்கடலைக் காட்டில் ஒரு தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் டீசல் விட்டுக் கொளுத்தினேன். கடையிலிருந்து கொண்டுவந்த ஒத்திகை சிலிண்டரை வைத்துப் பாடம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், கைப்பிடியில் செருகியிருக்கிற பின்னை இழுங்கள், நெருப்புக்கு நடுவில் அடிக்காதீர்கள். என் பேச்சு முடிவதற்குள் முனிரத்தினம் அண்ணன் முந்திக்கொண்டு, பாம்பை அடிக்கிற ஆவேசத்தோடு நெருப்பின் நடு மத்தியில் அடித்தார். எரிகிற டீசல் தட்டைத் தாண்டித் தெறித்தது. வேட்டியை வாரிக்கொண்டு அவர் பின்னால் ஓடிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுபடி கொளுத்தி நானே காட்டினேன். எரிகிற எண்ணெயைக் கலக்கக் கூடாது. பின்னால் சுவர் இருந்தால் அதில் அடித்து வழிய விடலாம். தரையில் கொட்டிய பெட்ரோல் என்றால் அதற்கு முன்னால் தரையில் அடித்து, நுரை தானே உருண்டு போய் மூடும்படி விட வேண்டும். மூடிய பிறகு அதை மிதிக்கக் கூடாது, போர்வை கிழிந்தால் தீ மறுபடி எட்டிப் பார்க்கும். முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து வர வேண்டும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதைத் தொடங்கினாலே தேவகி எழுந்து குழம்பு எடுக்கப் போய்விடுவாள். இங்கே தப்பிக்க வழியில்லை. முழுதும் கேட்டுவிட்டு, குழாயை வாங்கி, ஒரே தடவையில் தட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: "தோச மேல மூடி போட்ற மாரி போடணும், அவ்ளோதானே மாமா? இதுக்கா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேசிக்கினே கீற?"

போன் வந்தது

அது நடந்த பகல் வேளையில் நான் ரேணிகுண்டா கடையில் இருந்தேன். நடந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். பைக்குக்காரர் ஒருவர் "ஃபுல் பண்ணு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று விளிம்புவரை போடச் சொல்லியிருக்கிறார். வழிந்த பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் இறங்கியதைக் கவனிக்காமல் மூடிகூடப் போடாமல் கிக்கரை உதைத்தார். குப்பென்று பிடித்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். டேங்க்கில் இருந்த பெட்ரோல் கொட்டி, நெருப்பு தரையோடு பம்ப்பைப் பார்த்து நகர்ந்தது.

தேவகி ஓடிப்போய் பம்ப்பை நிறுத்துகிற சுவிட்சை அடித்தாள். பக்கத்துப் பம்ப்பில் இருந்தவர் பவுடர் சிலிண்டரை அடித்தார். தீ படுத்தது, மறு மூச்சில் எழுந்தது. அதற்குள் தேவகியும் முனிரத்தினம் அண்ணனும் டிராலியை இழுத்து வந்துவிட்டார்கள். ஹோஸை நீட்டியதும் அண்ணன் வால்வைத் திறந்தார். தேவகி நெருப்புக்கு முன்னால் தரையில் அடித்தாள். நுரை வெள்ளையாக உருண்டு போய் முதலில் பம்ப் பக்கத்தை மூடி, அப்புறம் பைக்கை மூடியது. பைக்குக்காரர் வண்டியில் தொங்கிய பையை எடுக்க நுரைக்குள் பாய்ந்திருக்கிறார். தேவகி ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் கையில் முடி கருகியதோடு சரி. ஃபயர் வண்டி வந்தபோது அதில் வந்தவர்களுக்கு மேற்பார்வை வேலை மட்டும்தான் மிச்சம்.

எனக்கு போன் வந்தது அப்போதுதான். "மாமா, பங்க்குல நெருப்பு புடிச்சிக்கிச்சி. இப்பதான் அணைச்சோம்" என்றாள் தேவகி. கையிலிருந்த ஸ்பேனர் நழுவிவிட்டது. நெஞ்சுக்குள் அவள் முகம் ஒன்றுதான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வாயைத் திறந்தால் வெளியே வந்தது, "நுர வந்துச்சா?"

அந்தப் பக்கம் முனிரத்தினம் அண்ணன் பைக்குக்காரரைத் தெலுங்கில் திட்டுவது மட்டும் கேட்டது. பிறகு தேவகி கோபமே இல்லாமல் சொன்னாள்: "நல்லா வந்துச்சி மாமா. நானும் உசுரோட வந்துட்டேன். அதையும் ஒரு வார்த்த கேக்குறதுதானே?"

நெருப்பு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லா சிலிண்டர் மேலும் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள், போன் வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் பங்காளிகளே, எந்தக் கம்பெனிக்காரனும் எழுதவில்லை.