பொட்டு வழி வந்த அரியதரம்

நல்லம்மாவின் அரியதரம் என்றால் உடுவில் பக்கத்தில் வாயூறாதவர் இல்லை. ஒரேயொரு சங்கதி: அந்த அரியதரத்தை நல்லம்மா ஒருநாளும் சுட்டதில்லை.

நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரரின் மகள் அவள். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்றில் மார்க்கண்டுவைக் கட்டி உடுவிலுக்கு வந்தபோது வயது பத்தொன்பது. தோட்டத்தில் இரண்டு ஆம்பிளைகளின் வேலை செய்வாள். பலகாரத்தில் அவளுக்குத் தெரிந்தது பயத்தம் உருண்டை ஒன்றுதான். பயற்றை வறுத்து இடித்து, வறுத்த தேங்காய்ப்பூ, சர்க்கரை, மிளகு, சீரகம் போட்டு, சூடு ஆறுமுன் உருட்டினால் வேலை முடிந்தது. கை வெந்தாலும் பொறுப்பாள். உருண்டை உதிராது.

அரியதரம் அப்படி லேசில் மசியாது. பச்சையரிசியை ஊறவைத்து இடித்து, மா ஈரம் காயமுன் சீனி சேர்த்துப் பிசைய வேண்டும். சீனி கொஞ்சம் கூடினால் எண்ணெயில் கரைந்துபோகும், குறைந்தால் கல்லாகிவிடும். எவ்வளவு போடுவது என்று கேட்டால், "கை சொல்லும்" என்பார்கள். நல்லம்மாவின் கை வாயே திறக்கவில்லை. தலைத்தீபாவளிக்குச் சுட்டதெல்லாம் தாச்சி எண்ணெயில் கரைந்து கூழாகிவிட, வேலியோரம் போய் நின்று அழுதாள்.

கிடுகு வேலியில் நாய் புகுந்து புகுந்து உண்டான பொட்டு ஒன்று இருந்தது. அதற்குள்ளால் ஒரு கை நீண்டது. கையில் ஒரு ஓலைப்பெட்டி, பெட்டி நிறைய அரியதரம்.

"அழாதை பிள்ளை. உன்ரை எண்டு சொல்லிக் குடு. ஆர் கேக்கப் போகினம்?"

பக்கத்து வளவுச் சின்னாச்சி. நல்லம்மாவுக்கு ஏழெட்டு வயது மூத்தவள். அவளுக்கு உருண்டை பிடித்தால் உதிரும். சூடு ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிறகு எது ஒட்டும்? அன்று தொடங்கியது பண்டமாற்று. வருடப்பிறப்பு, தீபாவளி, ஊர்க் கலியாணம் எதுவானாலும் இங்கிருந்து உருண்டை போகும், அங்கிருந்து அரியதரம் வரும். பதினேழு வருடம் இரண்டு வீட்டு ஆம்பிளைகளுக்கும் தெரியாது. தின்கிற வாய்க்கு விசாரணை எதற்கு?

மார்க்கண்டுவின் தமக்கை இரத்தினம்மா சும்மாவே ஊர் முழுக்கக் கதை காவுகிறவள். தம்பி பெண்சாதியின் அரியதரத்தைத் தின்றுவிட்டு அவள் பாடிய புகழுக்கு அளவே இல்லை.

முப்பத்தெட்டில் வேலி அடைக்கும்போது மார்க்கண்டு கதியால் தடிகளை அரைச்சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று சின்னாச்சியின் புருஷன் சிவசுப்பிரமணியம் சொன்னார். அரைச்சாண் நிலத்தில் எத்தனை வெங்காயம் விளையும்? ஆனால் வேலியென்று வந்துவிட்டால் நம்முடைய ஆட்களுக்குக் கண்மண் தெரியாது. வாய்த்தர்க்கம் முற்றி, கதைபேச்சு அற்று, பொட்டும் அடைபட்டது. மூன்று வருடத்தால் சிவசுப்பிரமணியம் நெஞ்சுநோவில் செத்துப்போனார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும். மார்க்கண்டு மறித்தார், நல்லம்மாவும் நின்றுவிட்டாள். பறைச் சத்தம் கேட்கக் கேட்க வீட்டுக்குள் இருந்தாள். அந்தப் பாவி செய்ததில் பெரிய பிழை அதுதான்.

பொட்டு அடைபட்டதிலிருந்து நாலைந்து வருடமாக அரியதரம் இல்லை. யாரும் கேட்டால் உலகச் சண்டைக்காலம், கூப்பன் சீனி காணாது என்று சொல்லித் தப்பிவந்தாள். நாற்பத்து மூன்றில் மகள் குணலட்சுமிக்குச் சம்பந்தம் பொருந்தியது. இரத்தினம்மா மாப்பிள்ளை வீட்டில் போய், "எங்கடை நல்லம்மாவின்ரை அரியதரத்தைத் திண்டு பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பலகாரச் சூட்டுக்கு நாள் வைத்தாயிற்று. முதல் அரியதரம் எண்ணெயில் பிரிந்தால் கலியாணமும் பிரியும் என்பது ஊர்ப்பேச்சு. வீடு வீடாய்க் கேட்டுச் சேர்த்த சீனியோ ஒருமுறை பிசையத்தான் காணும்.

அன்று காலை முற்றத்தில் பெண்கள் மா இடிக்கத் தொடங்க, நல்லம்மா கத்தியோடு வேலிக்குப் போய்ப் பழைய பொட்டை வெட்டித் திறந்தாள்.

"சின்னாச்சியக்கா... என்னைக் கைவிட்டிடாதையுங்கோ. மாவைத் தாறன், பிசைஞ்சு மட்டும் தாங்கோ."

சின்னாச்சி முற்றம் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"நெத்தியிலையும் பொட்டில்லை, வேலியிலையும் பொட்டில்லை எண்டு நான் பாட்டுக்கு இருக்கிறன். அவர் செத்த அண்டைக்கு இந்தக் கத்தி உன்னட்டை இல்லையோ?"

நல்லம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சின்னாச்சி விளக்குமாற்றைப் போட்டாள்.

"களவாய்ச் செய்தது காணும். வேணுமெண்டால் வாசல் படலையாலை வந்து கூப்பிடு. எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வா."

நல்லம்மா திரும்பிவந்து உரலடியில் நின்று சொன்னாள்.

"நான் ஒருநாளும் அரியதரம் சுட்டதில்லை. நீங்கள் திண்டதெல்லாம் சின்னாச்சியக்கா சுட்டது. இண்டைக்கும் அவதான் சுடப்போறா."

உலக்கைகள் நின்றன. இரத்தினம்மா துள்ளி எழும்பினாள்.

"உனக்கென்ன விசரோ? பூவும் பொட்டும் இல்லாதவள் கலியாணத் தாச்சியிலை கை வைக்கிறதோ? பிள்ளை வாழவேண்டாமோ?"

"செத்த வீட்டுக்குப் போகாத கை என்ரை கை, மச்சாள். தோசமெண்டால் இதுக்குத்தான் தோசம்."

மால் கொட்டிலுக்குள் இருந்த மார்க்கண்டு தலை குனிந்தார். நல்லம்மா ஒழுங்கைக்கு இறங்கிச் சின்னாச்சியின் படலையைத் திறந்தாள்.

சின்னாச்சி வந்து மாவைப் பிசைந்து மூடிவைத்தாள். பின்னேரம் சுபநேரத்துக்கு எண்ணெய் கொதித்தது. ஒன்றைத் தட்டிக் கையில் எடுத்தவள் தயங்கினாள்.

"நீயே போடு, நல்லம்மா. பிள்ளைக்கு ஏதும் எண்டால் என்னாலை தாங்கேலாது."

"போடுங்கோ அக்கா!"

போட்டாள். அது அடியில் போய்க் கிடந்தது. பிறகு ஓரம் பிரியாமல், வட்டம் குலையாமல், பொன்னிறமாக மேலே வந்தது.

அதைப் பிள்ளையாருக்கு எடுத்துவைத்தார்கள். இரண்டாவதைச் சின்னாச்சி இரத்தினம்மாவிடம் நீட்டினாள். இரத்தினம்மா வாங்கவா விடவா என்று நின்றாள். பிறகு வாங்கி, விண்டு, வாயில் போட்டு மென்றாள்.

"ஓம்," என்றாள், யாரையும் பாராமல். "அதே கைதான்."