வெடித்த சுவர்

தையல்காரி தன் வீட்டு முன்னறைச் சுவருக்குச் செம்மண்ணும் வைக்கோலும் குழைத்துத் தானே பூசினாள். நிறம் அழுத்தமாக வரட்டும் என்று மணலைக் குறைத்துவிட்டாள். மூன்றாம் நாள் சுவர் முழுக்க வெடிப்பு விட்டது.

கேள்விப்பட்ட அண்ணன் பெயிண்டரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“இது சுவரா, என் குதிகாலா? தள்ளு, சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சிடலாம்.”

“வாளியை வெளியிலயே வைக்கச் சொல்லுண்ணே. இது என் வீடு.”

“தெருவே சிரிக்குதுடி.”

“சிரிக்கட்டும், பல்லுல கொஞ்சம் காத்துப் படட்டும்.”

“அப்ப கதவையாவது சாத்திக்கிட்டுச் செய்.”

“ஏன், திருட்டு வேலையா பண்றேன்?”

இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைத்துச் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். உதிர்ந்த மண்ணை மறுபடி ஊறவைத்து மணலை இரட்டிப்பாகச் சேர்த்தாள். இம்முறை அவசரப்படவில்லை, தட்டு அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும் பூசிக் காயவிட்டாள். நான்கு நாள் கழித்து நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒரு கீற்றுகூட வெடிக்கவில்லை. நிறம்தான் அவள் நினைத்ததைவிடச் சற்று வெளுத்திருந்தது. பரவாயில்லை என்று, தெருவில் போகிறவர்கள் கண்ணில் முதலில் படும் சுவரிலிருந்தே பூச ஆரம்பித்தாள்.