ஏழாம் பங்கேற்பாளரின் பெயர்

நகலெடுத்த காகிதத்தின் சூட்டு வாசனை வந்தால் இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையைத் தாண்டும்போது நடை தானாக வேகமெடுக்கிறது. ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்தான் நான் சேர்த்தது.

அக்காள் மகள் சென்னையில் பொது சுகாதாரம் படிக்கிறாள். பூச்சிமருந்து அடித்த அன்றே களையெடுக்க வயலில் இறக்கப்படும் பெண்களின் உடம்பு என்ன ஆகிறது என்பது அவளுடைய ஆய்வு. செய்யாற்றங்கரையில் எனக்குப் பழக்கமான ஓர் ஊருக்கு நான்தான் அவளை அழைத்துப்போனேன். ஏழு பெண்கள் பேசினார்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில், ஊருக்குக் கொடுக்க ஒரு தமிழ்ச் சுருக்கம். அந்தத் தமிழ் என் பொறுப்பு.

அவள் அனுப்பிய வரைவைப் படித்ததும் திடுக்கிட்டேன். ஆளே இல்லை. ‘பங்கேற்பாளர் 1’, ‘பங்கேற்பாளர் 2’. கண்ணெரிச்சலுக்கு ஓர் எண், வாந்திக்கு ஓர் எண். விவசாயக் கல்லூரிக்காரர் எழுதியிருந்தால் ‘மருந்து தெளிக்கப்பட்டது’ என்று முடித்திருப்பார். தெளித்த கையும் இருக்காது, நனைந்த சேலையும் இருக்காது. அவர்கள் வழக்கம் அப்படி. இவளுமா என்று நினைத்தேன். ஏழாம் பங்கேற்பாளர் சொல்லியிருந்தாள்: “அன்னிக்கு எருமயக்கூட அந்தப் பக்கம் வுடமாட்டாங்கோ. எங்கள வுட்டாங்கோ.” இப்படிப் பேசியவளுக்கு ஏழு என்றா பெயர்?

நான் தமிழ் படித்தவன். நாட்டுப்புறப் பாடல்களைச் சேர்த்து ஆய்வேடு எழுதியவன். பாடியவளின் பெயரை விடுவது எங்கள் துறையில் திருட்டு. கடைசியில் தகவலாளர் பட்டியல் இருந்தே ஆகவேண்டும்: பெயர், வயது, தெரு, சாதி. ஆம், சாதியும். அதை எழுதியபோது என் கை நின்றதாக நினைவில்லை.

ஏழு பெயர்களையும் வயதோடும் தெருவோடும் வரிசை எண் மாறாமல் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். ஐந்து பிரதி எடுத்தேன். தகவல் தந்த ஊருக்கே முதல் பிரதி என்பதும் எங்கள் வழக்கம். அந்த ஊரின் பெரிய நிலக்காரர் எனக்குக் கல்லூரித் தோழர். வயலுக்குள் எங்களை விட்டவரும் அவர்தான். அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பேருந்தைவிட்டு இறங்கிய அக்காள் மகள் ஜெராக்ஸ் கடை வாசலிலேயே பக்கங்களைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவள் முகம் வெளுத்தது.

“மாமா, இன்னா மாமா இது?”

“தகவலாளர் பட்டியல்மா. அது இல்லாம ஓர் ஆய்வா?”

“பேரு எங்கியும் வராதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறேன் மாமா. அத நம்பித்தான் பேசனாங்க. யாருக்குனா குடுத்தியா?”

ஒன்றே ஒன்று என்றேன். யாருக்கு என்று சொன்னதும் அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்தடித்த வயல் அவருடையது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நிலக்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“படிச்சேம்பா. முன்னாடி ஒண்ணும் வெளங்கல. கடசிப் பக்கம்தான் நல்லா வெளங்கிச்சி. எருமன்னு சொன்னது அந்த ஏழாவது பேருதான?”

பிழை வந்துவிட்டது, திருப்பிக் கொடு என்றேன். சிரித்தார். “எடுத்துக்கினு போ. எனக்கு இன்னாத்துக்கு?” அத்தனை சுலபமாகக் கொடுத்தார். அந்தச் சுலபம்தான் என்னை உலுக்கியது.

அடுத்த களையெடுப்புக்கு அவர் வயலில் ஆறு பேர் இறங்கினார்கள்.

ஏழாமவளை ஊர் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தோளில் சோற்றுப் பை. காஞ்சிபுரத்தில் கட்டட வேலைக்குப் போகிறாளாம்.

“வா சார். ஊர்ல இத்தினி பேரு கீறாங்கோ, எம்பேருதான் கெடச்சிதா உனுக்கு?”

“மரியாதைக்குத்தாம்மா போட்டேன்.”

“மரியாதியா? ஓட்டு லிஸ்ட்டுல போட்டுக்கீறான், ரேசன் கார்டுல போட்டுக்கீறான். அந்த மரியாதி பத்தலியா?”

நிறுத்தத்தில் நின்ற கிழவர் சிரித்துவிட்டார். நிலக்காரரிடம் போய்ப் பேசுகிறேன், தப்பு என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன்.

“ஐயோ, நீ ஒண்ணும் பேசாத! அந்த ஆறு பேருனா வேலைக்குப் போவட்டும்.”

பேருந்து வந்தது. படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பினாள்.

“அந்தப் பொண்ணாண்ட சொல்லு சார். நான் சொன்னது அத்தினியும் நெசம். ஒண்ணு வுடாம எய்தச் சொல்லு. பேரு மட்டும் வாணாம்.”