எல்ஸி கேட்டு வாங்கிய இரண்டாவது தாள்

எல்ஸியிடம் யார் நலம் விசாரித்தாலும் பதில் நாக்கு நுனியில் இருக்கும்: "ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கேன்." ஈப்போ நகரின் புந்தோங் வட்டாரத்தில் அவளுடைய ஜெபக்குழுவில் எல்லோருக்கும் அதே பதில்தான். பல்வலியில் முகம் வீங்கி வந்தவர்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். வேறு மாதிரிச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிட்டதாம். யார் போட்ட சட்டமோ!

லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் எல்ஸி. தோட்டம் வீடமைப்பு நிலமானபோது குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. பத்தொன்பது வயதில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கும் பிரிவு. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டையும் வெளியே போனதில்லை. நாற்பது பேருக்கு சூப்பர்வைசராக உயர்ந்தாள். இருபத்து மூன்றாம் வருடம், தொழிற்சாலையை மூடுகிறோம் என்று ஆளுக்கொரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. வீட்டு வாசலைத் தாண்டிக் கால் வைத்தால் நெஞ்சு படபடத்தது. ஜெபக்குழுவில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள், பாதி வரியில் பாட்டு நின்றுபோக, இருமுவது போல நடித்தாள்.

பக்கத்து வீட்டுப் புனிதாவின் கண்ணை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. இரண்டு பேரும் ஒரு தனியார் ஆலோசகருக்குப் போன் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு அவர் கேட்ட தொகையில் எல்ஸி ஒரு வாரச் சாமான் வாங்கிவிடுவாள்.

"அரசாங்க கிளினிக்ல கேளுக்கா. ஒரு வெள்ளிதான் காசு. என் தம்பி போனான்லா," என்றாள் புனிதா.

எல்ஸியின் கணவர் கிளென் லாரி ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும், "கவுன்சிலிங்கா? அடுத்தது நேரா தஞ்சோங் ரம்புத்தானா?" என்று சிரித்தார். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. ஈப்போக்காரர்களுக்குக் கிண்டலுக்கும் பயத்துக்கும் அந்தப் பெயர் ஒன்றே போதும். எல்ஸி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர், மறுநாள் லீவு போட்டு மோட்டார் சைக்கிளில் அவரே கூட்டிப் போனார்.

கிளினிக்கில் இர்ஃபானா என்ற இளம் தாதி கேள்விகள் அச்சிட்ட போராங் தாள் ஒன்றை நீட்டினாள். ஒன்பது கேள்விகள். "கடைசி ரெண்டு வாரம் எப்படி இருந்துச்சுன்னு டிக் பண்ணுங்கக்கா." தூக்கம் கெடுகிறதா? சோர்வா? மனம் விட்டுப்போகிறதா? எல்ஸியின் பேனா தானாக ஓடியது. ஒன்பதுக்கும் 'இல்லை'. ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறாள்!

இர்ஃபானா வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு. அப்ப இன்னிக்கு ஒன்னும் தேவப்படாதுக்கா."

வெளியே வந்து எல்ஸி ஹெல்மெட்டை மாட்டினாள். கிளென் மோட்டாரைக் கிளப்பினார். இப்படியே திரும்பிப் போனால் மறுபடி அதே படபடப்பு, அதே நடிப்பு. திடீரென்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன் மேலேயே. ஒழுகின கையுறைக்கு 'பாஸ்' எழுதிய பெண்ணை ஒரு முறை என்ன திட்டுத் திட்டியிருக்கிறாள்! இப்போது அவள் எழுதிக் கொடுத்தது மட்டும் என்னவாம்?

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

"மிஸ்ஸி, நான் எழுதுனது பொய். வேற போராங் குடுங்க."

காத்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! ஒரு மனுஷி பத்துப் பேர் முன்னால் தன் பொய்யைத் தானே உடைப்பது லேசான காரியமா? சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்து, உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

இர்ஃபானா அதைப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை திரும்பி வந்தீங்கக்கா."

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆலோசகரைப் பார்க்க நாள் கொடுத்தார்கள். முதல் தடவை அழுததோடு சரி. நாலாவது தடவைக்குத் தனியாக பஸ் ஏறிப் போனாள். ஆறு மாதத்தில் ஒரு பள்ளிக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போன புதன்கிழமை ஜெபக்குழுவில் சாட்சி சொல்லும் நேரம். குழுவை நடத்தும் விவியன் அக்கா வழக்கம்போலக் கேட்டார்: "எல்ஸி, எப்படிம்மா இருக்க?" ஆமென் போட எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

எல்ஸி எழுந்தாள். "ஒரு வருஷமா நான் நல்லா இல்லக்கா. கிளினிக்ல கவுன்சிலிங் போறேன். அந்தக் கதவ ஆண்டவர்தான் காட்டுனாரு. இப்பதான் தூங்குறேன்."

ஆமென் போட வாயைத் திறந்தவர்கள் விவியன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து, லாரி ஹார்னே தோற்றுப்போகும் குரலில், கிளென் சொன்னார்: "ஆமென்!"

தேநீர் நேரத்தில் விவியன் அக்கா சமையலறைக்கு வந்தார். சும்மா கோப்பைகளை எடுத்து எடுத்து வைத்தார்.

"நீங்க எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டாள் எல்ஸி.

"ஆண்டவர் கிருபையில..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்லா இல்ல எல்ஸி."