லண்டனுக்கு ஒரு பொய்த் தந்தி

சென்ற வாரம் குற்றாலத்தில், அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டக்கூட விடாமல் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க சிநேகிதர் சிதம்பரம் ஒரே ஒரு டெஸ்ட் மேட்ச்தானே ஆடினாரு? அஞ்சு விக்கெட் எடுத்தவரை ஏன் ஒதுக்கிட்டாக?"

யாரும் ஒதுக்கவில்லை. காரணம் நான்தான். பல வருஷமாக மென்று முழுங்கியதை இன்று எழுதிவிடுகிறேன்.

சிதம்பரம் இலஞ்சிக்காரன். நெல் விவசாயக் குடும்பம். தென்காசியில் என்னோடு படித்தவன். அவன் பந்து வீச ஓடி வந்தால் எதிரில் மட்டையோடு நிற்பவன் ஸ்டம்பை விட்டு ஒதுங்கி நிற்பான். நம் நாட்டுக்கு டெஸ்ட் ஆட்டமே புதிதாக இருந்த நேரம்... இங்கிலாந்து போகும் டீமில் அவனையும் எடுத்தார்கள்.

அவன் போன பிறகு மனைவி கோமதிக்குக் காய்ச்சல். டைபாய்டு என்றார் டாக்டர். மூன்றாவது வாரம் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இன்னும் மூன்று நாள் தாண்டட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார்.

அன்றைக்குப் பார்த்து எனக்குத் தந்தி வருகிறது — "நாளை ஆடுகிறேன். கோமதி கடிதம் இல்லை. நலமா?"

என்ன பதில் எழுதுவது? உண்மையைச் சொன்னால் அவன் கையில் பந்து நிற்குமா? கப்பலேறி வந்து சேரவே வாரக்கணக்காகுமே! கண் விழித்த கோமதிதான் சொன்னாள்:

"நல்லா இருக்கேன்னே எழுதிருங்க அண்ணாச்சி. அவ்வளவு தூரம் போனவுக ஆடாமத் திரும்பக் கூடாது."

எழுதினேன். 'அனைவரும் நலம்.'

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால்? அவன் அங்கே விக்கெட் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே...?

நான்காம் நாள் காலை காய்ச்சல் தணிந்தது. மத்தியானம் பேப்பர் வந்தது. ஐந்து விக்கெட்! நடுத்தெருவில் நின்று அழுதேன்.

ஊர் திரும்பியவன், முடியெல்லாம் கொட்டி எலும்பும் தோலுமாக இருந்த மனைவியைப் பார்த்தான். நடந்ததை முழுக்கக் கேட்டான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த டூருக்கு அழைப்பு வந்தது. மறுத்துவிட்டான். கோமதி கெஞ்சிப் பார்த்தாள். நான் போய்ச் சண்டையே போட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்:

"அங்கன இருக்கும்போது, எல்லாரும் நலம்னு நீ தந்தி அனுப்புவே. அதை நான் எப்படிலே நம்புவேன்?"

இதற்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள் — தந்தி மட்டும் வேண்டாம்.