திரும்பி வந்த மூடியில் ஒரு மந்தச் சத்தம்

நான் தட்டினால் இங்கே எல்லோரும் தட்டுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே இதைக் கவனித்தேன். கொட்டகையில் கிடக்கும் பெரிய மூடியை விரல் முட்டியால் தட்டியபடி அதன் நீளத்துக்கு நடப்பேன். கோப்பியோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேசையிலோ கதவிலோ தாங்களும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். சலாமுக்குப் பதில் சலாம் சொல்வது போல இது இந்த ஊர் மரியாதையாக்கும் என்று நினைத்து, நானும் திரும்ப ஒரு தட்டுத் தட்டுவேன். கெட்டது நடக்கக்கூடாது என்று இந்த நாட்டுக்காரர்கள் மரத்தைத் தட்டுவார்கள் என்பதை மூன்று மாதம் கழித்து என் அக்கா, ராத்தாவின் மகள்தான் சொன்னாள். என்னையும் ராசி பார்க்கிற ஆள் என்று எண்ணியிருக்கிறார்கள். வெட்கமாகப் போய்விட்டது. நான் தட்டுவது சத்தத்துக்காக என்று விளக்க என்னிடம் ஆங்கிலமும் இல்லை, அதற்கான வாயும் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த மூடி என்னவென்று சொல்ல வேண்டும். இலங்கையின் கல்முனையில் ஃபைபர் படகு ஒட்டிக்கொண்டிருந்த நான், ராத்தா போட்ட விசா விண்ணப்பம் பல வருடம் கழித்துச் சரிவந்ததால் அமெரிக்காவின் இந்தத் துறைமுக ஊருக்கு வந்தேன். இங்கே தனியார் கொம்பனிகள் ரொக்கெட் விடுகின்றன. போனதைத் திருப்பி எடுத்து, கழுவி, பூசி மறுபடியும் விடுவதுதான் இப்போதைய வியாபாரம். அடித்துண்டு நெருப்பைக் கக்கிக்கொண்டே இறங்கி, கடலில் மிதக்கும் மேடையில் நிமிர்ந்து நிற்கும். நுனியிலிருக்கும் மூடி இரண்டாகப் பிளந்து பரசூட்டில் கடலுக்கு வரும். கப்பல் போய் அள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு பாதியும் நம்முடைய கரைவலைத் தோணியைவிட நீளம். உப்பைக் கழுவுவதும் வெடிப்பை ஒட்டுவதும் எங்கள் சின்னக் கொட்டகையின் பொறுப்பு. ஒட்டு வேலை எந்த நாட்டிலும் ஒட்டு வேலைதான். அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

நல்லது இல்லை என்று சொல்லமாட்டேன். மேலே அனுப்புவது மலிவானால் வானத்தில் சுற்றும் சேற்றலைட்டுகள் கூடும், ஆழ்கடலுக்குப் போன மனிதன் வீட்டோடு கதைக்கலாம் என்கிறார்கள். அது நடந்தால் நம் கரையில் எத்தனை பெண்களுக்கு நிம்மதி. ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. ஊரில் தேய்ந்த டயரில் புதுத் தோல் ஒட்டிய ரீபில்ட் டயரை லொறியின் முன்சில்லுக்குப் போடமாட்டோம். ஒரு டயரை எத்தனை தரம் ரீபில்ட் பண்ணலாம் என்று கேட்டால் கடைக்காரன் ஒரு பதில் சொல்வான். இங்கே அதே கேள்விக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். திரும்பி வருவதைத்தான் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். வராத துண்டுகள் எந்தக் கடலில் விழுகின்றன, யாருடைய வலைக்குப் பக்கத்தில் விழுகின்றன என்பதைக் கைதட்டலுக்கு நடுவில் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சந்தேகம் எனக்குப் படிப்பால் வந்ததல்ல, ஜுனைதீனால் வந்தது. அவன் என்னைவிட இளையவன், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடும் கூட்டாளி. அவனுடைய படகின் அடியை மூன்று தரம் ஒட்டிக் கொடுத்திருந்தேன். நாலாவது தரம் ஒட்டிக் காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தேன். நல்ல ஃபைபர் கணீரென்று பேசும். உள்ளே ஒட்டு விட்டிருந்தால் ஈர மணலில் குத்தியது போல மந்தமாகக் கேட்கும். அன்றைக்கு ஓரிடத்தில் மந்தமாகக் கேட்டது. மீண்டும் தட்டினேன். தெற்கே கோமாரிக் கரைப் பக்கம் கீரிமீன் மொய்த்துக் கிடக்கிறது என்று கரை முழுக்க அவசரம். ஜுனைதீன் பக்கத்திலேயே நின்றான்.

"என்ன காக்கா, தட்டித் தட்டி இளநியா பாக்கிறீங்க? வழுக்கலா முத்தலா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒண்டுமில்ல, கொண்டு போ" என்றேன்.

மூன்றாம் நாள் கரையேறும்போது அலையில் படகு அந்த ஒட்டிலேயே பிளந்தது. எஞ்சின் அவன் காலில் விழுந்தது. உயிர் தப்பினான், ஆனால் இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். அலை பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

போன மாதம் கொட்டகைக்கு வந்த மூடிப் பாதியின் உள்பக்கம் எட்டுக் கோடுகள் இருந்தன. ஒரு பயணத்துக்கு ஒரு கோடு. கழுவித் துடைத்துவிட்டுத் தட்டிக்கொண்டு போனேன். விளிம்புக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு இடத்தில், அதே ஈர மணல் சத்தம். மீண்டும் தட்டினேன். மேற்பார்வை பார்க்கும் டெரெக் கோப்பியோடு வந்தார். "சேர். சவுண்ட். பேட்" என்று சொல்லி அந்த இடத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் சந்தோஷமாகத் தன் பங்குக்கு மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "குட் லக், மை ஃபிரெண்ட்!" என்று நகரப் பார்த்தார். வேறு நாளென்றால் நானும் சிரித்துக்கொண்டு போயிருப்பேன். அன்றைக்கு மூடிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். "நோ லக். சவுண்ட்" என்றேன். என் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டதும் எனக்கே பயமாக இருந்தது.

சத்தம் கேட்டு லோரா என்ற பொறியியலாளர் வந்தார். பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, நான் காட்டிய இடத்தைச் சுற்றித் தட்டினார். அவருடைய தலை என்னுடைய தலையைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்தது. தட்டிப் பார்ப்பது அவர்களுடைய படிப்பிலும் இருக்கிறதாம். ஒட்டின் உள்ளே பார்க்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தார். திரையில் ஒரு கறுப்புப் பொட்டு. புத்தகத்தைப் புரட்டினார், அளந்தார், அதைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு மெதுவாக எனக்கு விளங்கும்படி சொன்னார்: ஒட்டு விட்டிருப்பது உண்மை, ஆனால் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, இப்போதைக்கு ஒட்டத் தேவையில்லை, இந்தப் பயணம் போகலாம்.

"மனிதர்?" என்று மேலே கைகாட்டிக் கேட்டேன்.

"இதில் இல்லை" என்றார் லோரா.

இதில் இல்லை. அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் அன்றிரவு முழுக்க வைத்திருந்தேன்.

ஒன்பதாவது கோடு போடப் போகும் நாள், விடிந்து சற்று நேரத்தில் கடற்கரை வீதியில் சனத்தோடு நின்றேன். ஊரில் பின்னேரம், அசர் தொழுகை முடிந்திருக்கும். ஜுனைதீன் வட்ஸ்அப் வீடியோவில் வந்தான். தேத்தண்ணிக் கடை வாசலில் இருந்தான். பின்னால் யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கட காக்கா ஒட்டின சாமான் வானத்துக்குப் போகுதுடா, தள்ளி நில்லுங்கடா!" என்று அவர்களை விரட்டினான்.

ரொக்கெட் எழும்பியது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், அது உடைய வேண்டும் என்று ஒரு கணம் மனம் கேட்டது. உடைந்தால் என் காது சரி. அடுத்த கணமே, அல்லாஹ்வே பத்திரமாக வரட்டும் என்றும் கேட்டது. இரண்டும் என் மனம்தான்.

"காக்கா, நல்லாத் தட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான் ஜுனைதீன்.

"தட்டினன். மந்தமாக் கேட்டிச்சு. வாயத் தொறந்து செல்லிட்டன்." பிறகு, எத்தனையோ வருடம் தொண்டையில் கிடந்தது தானாக வந்தது. "உன்ட போட்டுலயும் கேட்டிச்சு ஜுனைதீன். அண்டைக்கு நான் செல்லல்ல."

அவன் எழுந்து, கம்பை ஊன்றி, ஆட்கள் இல்லாத பக்கமாகப் போனான்.

"எனக்கும் கேட்டதுதானே காக்கா. பக்கத்திலதானே நிண்டன். நீங்க செல்லிருவீங்களோ எண்டுதான் இளநிக் கத கதச்சன். கீரிமீன் அப்பிடி மொய்ச்சுக் கிடக்கக்குள்ள எப்பிடிக் கரையில இரிக்கிற?"

அவனும் கேட்டிருக்கிறான், நானும் கேட்டிருக்கிறேன். லோராவும்தான் கேட்டார். சத்தத்தைக் கேட்காமல் யாரும் எதையும் அனுப்புவதில்லை போலும், கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

அப்போது வீதியில் ஆரவாரம் எழுந்தது. அடித்துண்டு மேடையில் வந்து நின்றுவிட்டதாம். சற்று நேரத்தில் மூடியும் கடலில் இறங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பக்கத்தில் நின்ற கிழவர் என் சட்டையிலிருந்த கொட்டகைப் பெயரைக் கண்டு, என் தோளைத் தட்டி, நானும் கைதட்ட வேண்டும் என்று கைகளைக் காட்டினார். ஒரு கையை உயர்த்தினேன். மற்றக் கையிலிருந்த ஃபோனில் ஜுனைதீன் இருந்தான்.