ஒப்பீட்டுப் பிள்ளை மயங்கி விழுந்த கதை

என் பேத்தியின் உடம்பில் ஓடும் சக்தியை வைத்து ஊர் முழுக்க விளக்கேற்றலாம். சரி, முக்கால்வாசி புளுகு. மீதிக் கால்வாசியைச் சொல்ல என் மருமகளிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வயிற்றில் பிள்ளை மூன்று மாதமாக இருக்கும்போதுதான் அவளுக்கும் என் மகனுக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினாள். பிறந்த பேத்திக்குத் தொற்று இல்லை. வால் மட்டும்தான் இல்லை என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே ‘வாலு’. ஆனாலும் மருமகளுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது.

“கிருமி ஒட்டலை, சரி அத்தை. நான் முழுங்கின மாத்திரை பிள்ளையோட செல்லை ஏதாவது பண்ணியிருந்தா?”

அதைப் பார்க்கவே ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டி உலைகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். அவற்றுக்கென்று தனி மரபணுவே இருக்கிறதாம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்கு, தாய்க்குத் தொற்று இல்லாத, அதே வயதுப் பிள்ளை ஒன்றையும் முடிந்தால் கூட்டிவரச் சொன்னார்கள்.

யாரைக் கேட்பது? கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே! மருமகள் நாள்கணக்கில் மென்று விழுங்கிவிட்டு, பணிமனையில் வண்டி கழுவும் இடத்தில் தன் கண்டக்டரிடம் போட்டு உடைத்தாள்.

அந்த வாயாடிக்கு விசிலை வாயிலிருந்து எடுக்க மட்டும்தான் நேரம் பிடித்தது.

“இதுக்கா அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க? நான்கூட என் விசில் சத்தம் பிடிக்கலையோன்னு நினைச்சேன். என் பையனைக் கூட்டிட்டுப் போங்க. சிங்கக்குட்டி!”

சிங்கக்குட்டி ஊசியைப் பார்த்ததும் வேரறுந்த மரமாகச் சாய்ந்தது. வாலு தன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, “அக்கா, அவன் எந்திரிக்கிறதுக்குள்ள எனக்கு எடுத்துடுங்க. பாவம், மறுபடி பார்த்தா மறுபடி விழுவான்” என்றாள். நர்ஸ் சிரித்து முடிக்கும்வரை ஊசி காத்திருந்தது.

முடிவு கேட்கப் போனபோது மருமகள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளைவில் வண்டியைத் திருப்புவதுபோல் அதைத் திருப்பியும் பார்த்தாள். டாக்டர் வாயைத் திறந்தார்: “இந்தப் பிள்ளையோட மைட்டோகாண்ட்ரியா ஊருக்கே விளக்கேத்தும்!”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஐயோ அத்தை! டாக்டர் எப்ப அப்படிச் சொன்னாரு? ‘ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலை’ன்னாரு. மத்ததையெல்லாம் எப்படி வேணா அளந்து விடுங்க. அதுல மட்டும் கை வைக்காதீங்க!”